கல்வாயன்

மார்ச் 2

இன்று என்னை இரண்டு முறை சுட்டார்கள். முதல் முறை சட்டைக்குள் ஒட்டியிருந்த ரத்தப் பை வெடிக்கவில்லை. இரண்டாவது முறை வெடித்தது. குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே விழுந்து, கண்ணைத் திறந்தபடியே செத்தேன். உதவி இயக்குநர் வந்து, "அருமை எமில், உன்னை மாதிரி சாக ஆளே இல்லை" என்றாள். பிறகு தொட்டிகளைத் துடைக்கச் சொன்னாள், வாடகைத் தொட்டிகளாம்.

திரும்பும் ரயிலில் ஒரு பையன் என்னை அடையாளம் கண்டு செல்ஃபி கேட்டான். "அந்தப் போலீஸ்காரனைக் கொன்னது நீங்கதானே?" கொடுத்தேன். எதிர் இருக்கைப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவள் கைப்பையை மடிக்கு இழுத்து இறுக்கிக்கொண்டாள். இரண்டும் இந்த ஒரே முகத்துக்குத்தான்.

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது ஒப்பனைக்காரி சமியா. "யார்கிட்டயும் பேசாம இருந்தா முகம் இறுகிப் போயிடும். அப்புறம் என்னால பவுடர் போட முடியாது. எழுது." பிரெஞ்சில் எழுதத் தொடங்கினேன், வரவில்லை. தமிழில் வருகிறது. இந்தப் பாரிஸில் தமிழ் எனக்குக் கையில் மட்டும்தான் மிச்சம். வாயில் பேச ஆளில்லை.

மார்ச் 5

துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுவிட்டது. மூலையில் இருக்கும் துவைப்புக் கடையில் மூட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்திரிகைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'கல்வாயன்'. வாயே அசையாமல் மிரட்டுகிறேனாம். அது எனக்கு இயல்பாக வந்ததல்ல. நடிப்புப் பள்ளியில் முதல் நாளே ஆசிரியர் சொன்னார்: "உன் வாய் ரொம்ப அசைகிறது. ஊமைப் படமா எடுக்கிறோம்?" பென்சிலைப் பல்லில் கடிக்கவைத்துப் பேசச் சொன்னார். ஒரு வருடம் கடித்தேன். வாய் கல்லானது. பிழைப்பு கிடைத்தது.

வாய் ஏன் அப்படி அசைந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரோசாலி அக்காவுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. அப்போது எனக்கு மூன்று வயது. அம்மா கடைக்கும் கோயிலுக்கும் ஓடிக்கொண்டிருக்க, என்னை வளர்த்தது அக்காதான். எனக்குப் பேச்சு தெளிந்ததே அவள் முகத்துக்கு நேராக. ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வரைந்து காட்டினால்தான் சோறு வரும். 'அக்கா' என்ற சொல் மட்டும் உதட்டில் தெரியாது, எல்லாம் தொண்டைக்குள் நடந்துவிடும். அதனால் இரண்டு விரலை என் கன்னத்தில் வைப்பேன். அதுதான் அக்கா.

அக்கா அம்மாவின் முதல் கணவருக்குப் பிறந்தவள். அவர் செத்த பிறகு அம்மா கட்டிக்கொண்டது என் அப்பாவை. புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்பார்களே, பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம். அப்பாவால் அம்மாவுக்கும் எனக்கும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பதினொன்று, அவளுக்குப் பதினேழு. விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, 'சாப்பிடு, சாப்பிடு' என்று உதட்டால் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவளை இங்கே அழைத்துவர மூன்று முறை விசா கேட்டோம். மூன்று முறையும் இல்லை என்றார்கள். ஜனவரியில் நடந்தது கடைசி. கண்ணாடிக்குப் பின்னால் முகக்கவசம் போட்ட ஒருவன் கேள்வி கேட்டிருக்கிறான். அவன் வாய் தெரியாமல் இவள் என்ன பதில் சொல்வாள்? கவசத்தை இறக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அவள் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. கத்துகிறாள் என்று காவலாளி கையைப் பிடித்து வெளியே விட்டிருக்கிறான்.

அன்று அவள் அனுப்பிய செய்தி இன்னும் கைபேசியில் இருக்கிறது. "பிச்சைக்காரி மாதிரி நின்னது போதும். நீயும் இங்க வராதே. நான் சொல்ற வரைக்கும் வராதே. முகத்தைக் காட்டாதே."

அவள் செருப்புத் தொழிற்சாலையில் தோல் தைக்கிறாள். அத்தனையும் ஐரோப்பாவுக்கு வருகிறது. அவள் தைத்த செருப்புக்கு விசா வேண்டாம்.

மார்ச் 6

அவளுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை. வீடியோ அழைப்பு முழுதாக அடித்து ஓய்ந்தது.

மார்ச் 13

குளோத்தில் என்ற பெயருடைய என் சித்தி மகள் போனில் பேசினாள். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போவாள்.

"எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. மாடியில தொட்டி வச்சு தக்காளி போட்டுருக்கு. உங்க பேரை எடுத்தா மட்டும் எழுந்து போயிடுது."

"சரி."

"ஆனா ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்கண்ணா. உங்க படம் எல்லாத்தையும் என் லேப்டாப்புல வாங்கிப் பாக்குது. திரும்பத் திரும்ப. நீங்க வர்ற இடத்துல நிறுத்தி, கிட்டப் போய்ப் பாக்குது."

"எதைப் பாக்கறா?"

"வாயைத்தான். போன வாரம் எங்கிட்ட கேக்குது, 'இன்னாடி சொல்றான்?'னு. எனக்கும் பிரெஞ்சு சரியா வராது. 'காசு எங்கடான்னு மிரட்டறாரு'ன்னேன். 'எப்பப் பாத்தாலும் காசு எங்க, காசு எங்க. இவனுக்கு நான் சோறே போடலையா?'ன்னு திட்டுது."

சிரித்தேன். குளோத்திலும் சிரித்தாள். 

நான் எத்தனை படம் நடித்திருந்தாலும் அவளைப் பொறுத்தவரை எல்லாமே மூடிய வாய்தான். புரியாத மொழி, அதுவும் பென்சில் கடித்த உதடு. அவளுக்குப் பிடிபடும் ஒரே ஒரு வாயை நானே கல்லாக்கிவிட்டு அதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

மார்ச் 21

புதிய தொடர். ஆறு பாகம், இணையத்தில் வரப்போகிறது. துறைமுக ஊரில் போதைப்பொருள் கும்பல். நான் கும்பலின் இரண்டாம் தலை. பெயர் 'ராக்கா'. எந்த நாட்டான் என்று இயக்குநர் பெனுவாவிடம் கேட்டேன்.

"அது முக்கியமில்லை. எங்கேயோ கிழக்கே."

"நான் சார்செல்காரன். பாரிஸுக்கு வடக்கே."

சிரித்தான். நல்லவன்தான். நல்லவர்கள்தான் இப்படிச் சிரிப்பார்கள்.

நாலாம் பாகத்தில் வங்கிக்காரன் ஒருவனை நாற்காலியில் கட்டிப்போட்டு நான் மிரட்ட வேண்டும். வசனத் தாளில் எல்லாருக்கும் பேச்சு இருக்கிறது. எனக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: (ராக்கா தன் மொழியில் மிரட்டுகிறான்.)

"எந்த மொழி?"

"உன்னுடையதுதான். அம்மா வீட்டுல பேசுவாங்களே, அது."

"என்ன சொல்லணும்?"

"என்ன வேணா சொல்லு. யாருக்குப் புரியப்போகுது? ஒரு அரை நிமிடம் பேசு, கண்ணு மட்டும் பயமுறுத்தணும்."

என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

ரயிலில் ஏறினேன், இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

மார்ச் 24

சொல் பொறுக்குகிறேன். ப, ம, வ உதட்டில் தெரியும். க, ங ஒளிந்துகொள்ளும். கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உதடு மரத்துப்போய் இருக்கிறது. பென்சில் ஆசிரியர் கெட்டிக்காரர்.

பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரைத் தட்டினார். நான் சத்தமே போடவில்லை. பழக்கத்தில் தட்டியிருப்பார்.

ஏப்ரல் 4

ஒப்பனைச் சோதனை. ராக்காவுக்கு அடர்ந்த தாடி, மேலுதட்டை மூடும் மீசை. சமியா ஒட்டி முடித்ததும் கண்ணாடியில் பார்த்தேன். வாயே இல்லை.

"மீசை வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"தாடியும் வேண்டாம். என் சொந்த மீசையையும் மழுங்க எடுத்துடு."

"பதினைந்து வருஷமா உங்க ஆளுங்களுக்கும் எங்க ஆளுங்களுக்கும் தாடி ஒட்டறதுதான் என் வேலை. தாடி இல்லாம ஒரு தீவிரவாதியைக்கூட நான் அனுப்பினதில்லை. என் வேலைக்கு உலை வைக்கிறியா?"

"சமியா. வாய் தெரியணும்."

என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "பொண்ணா?"

"அக்கா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவளுடைய அம்மா அல்ஜீரியாவில் ஓரான் நகரத்தில் இருக்கிறாள், அவளுக்கும் விசா கிடைப்பதில்லை. இயக்குநர் வந்ததும் அவளே பேசினாள். "தாடி பழசு பெனுவா. எல்லாத் தொடர்லயும் தாடி. இவனை மழிச்சு விட்டுட்டு இங்க ஒரு தழும்பு போட்டுப் பாருங்க. பாம்பு மாதிரி இருப்பான்."

பெனுவா தலையைச் சாய்த்துப் பார்த்தான். "பாம்பு. ம். நல்லா இருக்கு. இது என் யோசனைன்னு தயாரிப்பாளர்கிட்ட சொல்லிடறேன்."

சமியா சவரக்கத்தியை எடுத்தாள். பதினெட்டு வயதுக்குப் பிறகு என் மேலுதட்டை நானே பார்த்ததில்லை. அம்மாவின் உதடு.

ஏப்ரல் 12

எடுத்தாயிற்று. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய மீன் கிடங்கு. வங்கிக்காரனாக நடிப்பவர் ழெரோம், நாடக மேடை ஆள், மென்மையான மனிதர். நாற்காலியில் கட்டப்பட்டபடியே எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் முறை கேமரா என் முதுகுக்குப் பின்னால். நான் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டேன். பெனுவா வந்து, "உயிரே இல்லையே" என்றான்.

"கேமரா என் முகத்துக்கு வரட்டும்" என்றேன்.

அடுத்தது முகத்துக்கு வந்தார்கள். ஆனால் துப்பாக்கியை முன்னால் நீட்டச் சொன்னார்கள். மானிட்டரில் பார்த்தால் குழல் சரியாக என் வாய்மேல் நிற்கிறது.

"துப்பாக்கியை இறக்கிடறேன் பெனுவா. துப்பாக்கி வச்சிருக்கறவன் அதை நீட்ட மாட்டான். மடியில வச்சிருப்பான்."

யோசித்தான். ஒப்புக்கொண்டான். விளக்குக்காரரிடம் நானே போய்க் கீழே இருந்து கொஞ்சம் வெளிச்சம் கேட்டேன். "கீழ இருந்தா பேய் மாதிரி இருப்பியே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

பிறகு லென்ஸின் பக்கம் திரும்பினேன். லென்ஸை நேராகப் பார்க்கக் கூடாது என்பது விதி. அதற்கு ஒரு விரல் பக்கத்தில் பார்த்தேன். இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்தேன்.

அதன் பிறகு சொன்னது இது:

"நான்தான். வாயைப் பாரு. மீசையை எடுத்துட்டேன், உனக்காகத்தான். இனிமே உன்னை இங்க வான்னு கூப்பிட மாட்டேன். அந்தக் கண்ணாடி முன்னாடி நீ போய் நிக்க வேணாம். உன்னை வெளிய தள்ளினானே, அவன் மேல எனக்கு இருக்கற கோவத்தைத்தான் இங்க எல்லாப் படத்துலயும் காமிக்கிறேன், காசுக்காக இல்ல. நான் வர்றேன். ஒண்ணும் செய்ய வேணாம், நெத்திலி வாங்கி வறுத்து வை, போதும். நான் வர்றேன். வரட்டுமா? கதவைத் திறப்பியா?"

மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வரைந்து சொன்னேன். அழுகை வந்தது. அழுதால் உதடு கோணும், சொல் கெடும். அதனால் கண்ணை அகலமாகத் திறந்து, மூச்சைப் பிடித்து, அழுகையை உள்ளேயே அழுத்தினேன்.

'கட்' சொன்னார்கள். ழெரோம் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். கட்டை அவிழ்த்ததும் என்னிடம் வந்து, "மன்னிக்கணும், எனக்கு உண்மையாவே பயமாயிடுச்சு. என்னதான் சொன்னீங்க?" என்றார்.

"மீன் வறுக்கச் சொன்னேன்."

இன்னும் பயந்துபோய்ச் சிரித்தார்.

பெனுவா என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அந்தக் கண்ணு! இரக்கமே இல்லாத கண்ணு! அந்த ரெண்டு விரல், அதை எங்கேருந்து பிடிச்சே? கொலைகாரனோட முத்திரை மாதிரி. அதை எல்லாப் பாகத்திலும் வை."

வைக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 13

தூங்கினேன். பகலெல்லாம்.

ஜூன் 19

அக்கா பிறந்தநாள். செய்தி அனுப்பினேன். நீல டிக்.

ஷூ வாங்கப் போனேன். உட்பக்கம் 'இந்தியாவில் செய்தது' என்று இருந்தது. தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடையின் காவலாளி என் பின்னாலேயே வந்தான், அவனும் கறுப்பன்தான், மாலியோ செனகலோ. "எடுத்து வச்சிடுங்க அண்ணா, மேல கேமராவுல பாக்கறாங்க" என்றான் மெதுவாக. நான் வாங்கத்தான் வந்தேன் என்றேன். "தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

வாங்கினேன். அளவு சரியில்லை. கடிக்கிறது. போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 8

பெனுவாவின் அழைப்பு. குரலில் கோபமும் சிரிப்பும் கலந்திருந்தது.

"எமில், நாலாம் பாகத்துல நீ என்னப்பா பேசியிருக்கே?"

"என்ன வேணா பேசுன்னு நீதான் சொன்னே."

"தொடரை இந்தியாவுக்கும் விக்கிறாங்க. மும்பைல ஒரு ஆபீஸ்ல பாத்திருக்காங்க. அங்க வேலை செய்யற ஒரு பொண்ணு எழுதி அனுப்பியிருக்கா: இந்தக் கொலைகாரன் யாரையோ பொடி மீன் வறுத்து வைக்கச் சொல்றான், அப்புறம் கதவைத் திறப்பியான்னு கேக்கறான். தயாரிப்பாளர் மேசையைக் குத்தறாரு."

"சப்டைட்டில் மாத்திடுங்க."

"முடியாதாம். அந்த மொழியே வேணாமாம். தமிழ்னு தெரிஞ்சா நாளைக்கு எங்க இனத்தைக் கேவலப்படுத்தினீங்கன்னு யாராவது வழக்குப் போடுவாங்களாம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியை உருவாக்கித் தர்றோம். நீ வந்து டப்பிங் பேசணும்."

இனத்தைக் கேவலப்படுத்தக் கூடாது என்ற அக்கறையில் என் மொழியை எடுக்கிறார்கள். என் முகத்தை எடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. யாருடைய இனம் என்று சொல்லாதவரை, அந்த முகம் யாரை வேண்டுமானாலும் கொல்லலாம்.

"காட்சி இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்காம எப்படி? தொடரிலேயே அதுதான் காட்சி."

சத்தத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதை நான் சத்தத்துக்காகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15

டப்பிங் அறை. இங்கே பிரான்சில் ஒரு முறை உண்டு. திரையின் அடியில் ஒரு பட்டை ஓடும், அதில் வசனம் வலமிருந்து இடமாக நகர்ந்து வரும். ஒரு கோட்டைத் தொடும்போது அந்த அசையைச் சொல்ல வேண்டும். அப்படித்தான் உதட்டோடு ஒலி ஒட்டும்.

பட்டையில் ஓடியது அவர்கள் உருவாக்கிய மொழி. நாலு தொண்டைச் சத்தம், இரண்டு 'ஷ்', ஒரு 'க்ர'. மேலே என் முகம். நான் 'வர்றேன்' என்று உதட்டை வரைகிறேன், அதன்மேல் நானே 'வக்ராஷ்' என்று ஒட்டினேன். 'நெத்திலி'க்கு 'நெஷ்டுர்'. ஒலிப்பதிவாளர் நல்ல தொழிலாளி. "உங்க உதடு ரொம்பத் தெளிவா இருக்கு, ஒட்டறது சுலபம். கல்வாயன்னு சொன்னாங்க, பயந்துபோயிருந்தேன்" என்றார்.

காட்சியை முதல் முறை முழுதாகப் பார்த்தேன். வாய் தெரிகிறது. நல்ல வெளிச்சம். கன்னத்தில் விரல். மீசை, கண்ணாடி, கோபம், நெத்திலி, வர்றேன். எல்லாம் இருக்கிறது.

'வர்றேன்' முடிந்ததும் படம் ழெரோமின் முகத்துக்குத் தாவிவிட்டது. அவர் அழுகிறார். அந்த அழுகைக்கு மேல் என் குரல் மட்டும். 'வரட்டுமா? கதவைத் திறப்பியா?' என்ற இடத்தில் என் வாய் இல்லை.

"இந்த வெட்டு ஏன் இங்க?" என்று கேட்டேன்.

"எடிட்டர் வச்சது. அழுகை நல்லா இருக்குல்ல?"

"என் முகத்துலயே இன்னும் கொஞ்சம் நிக்கலாமே."

"படம் பூட்டியாச்சு சார், இனிமே வெட்டை மாத்த முடியாது. இப்ப சத்தம் மட்டும்தான்."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆனால் கேட்டது போய்ச் சேரப்போவதில்லை. கேள்வி இல்லாவிட்டால் அவள் எதற்குப் பதில் சொல்வாள்?

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

நவம்பர் 10

தொடர் வெளியாகிவிட்டது. மெட்ரோ நிலையங்களில் சுவரளவு சுவரொட்டி: இருட்டு, கீழிருந்து வெளிச்சம், என் முகம், கன்னத்தில் இரண்டு விரல்.

பாரிஸ் முழுக்க நின்று என் அக்காவைக் கூப்பிடுகிறேன். யாருக்கும் தெரியாது.

பத்திரிகை விமர்சனத்தைச் சமியா அனுப்பினாள். "எந்த மனித உணர்வும் எட்டாத பார்வை. மொழி புரியாததே அச்சத்தைக் கூட்டுகிறது." கீழே அவள் எழுதியிருந்தாள்: "முட்டாள்கள். உன் அக்கா பாத்தாளா?"

ரயிலில் இரண்டு பையன்கள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் விரல் வைத்து மிரட்டினார்கள். நானும் வைத்தேன். ஒரு கணம் நாங்கள் மூன்று பேரும் அவளை அழைத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 14

குளோத்தில்: "பாத்துச்சுண்ணா. நானும் கூட இருந்தேன். நீங்க ஏதோ காட்டுமிராண்டி பாஷை பேசறீங்க, எனக்குக் கேக்கவே பயமா இருந்துச்சு. அது பாட்டுக்கு ஸ்கிரீன் கிட்டப் போய் உக்காந்துடுச்சு. முடிஞ்சதும் திரும்பப் போடுன்னுச்சு. அப்புறம் திரும்ப. அப்புறம் என்னை வெளிய போகச் சொல்லிடுச்சு."

"ஏதாவது சொன்னாளா?"

"லேப்டாப்பை விட்டுட்டுப் போன்னுச்சு."

நவம்பர் 20

ஒன்றும் இல்லை.

நவம்பர் 27

ஒன்றும் இல்லை. பெனுவா அடுத்த படத்துக்கு அழைத்தான். ஆள் கடத்துபவன். ஓடும் ரயிலிலிருந்து விழுந்து சாகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மீசை மறுபடி வளர்கிறது. எடுக்கவில்லை. யாருக்காக எடுப்பது?

டிசம்பர் 11

காலை. வெளியே பனி. முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவள் படம். வீடியோ அழைப்பு. கைபேசியை முட்டைக்குள்ளேயே போட்டேன், எடுத்துத் துடைத்தேன், அது நின்றுவிடுமோ என்று பயந்து துடைத்ததும் துடைக்காததுமாகத் தொட்டேன்.

அக்கா. சமையலறையில் நிற்கிறாள். நெற்றியோரம் நரைத்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி புதிது. இளைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்தேன்.

அவள் ஒரு விரலால் தன் மேலுதட்டைத் தேய்த்துக் காட்டினாள்.

"இன்னாடா இது? எடுத்துட்டேன்னு சொன்னே, மறுபடி வளந்துருக்கு?"

அந்தக் குரல். அளவு தெரியாத அந்தப் பெரிய குரல். பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரைத் தட்டினார். தட்டட்டும்.

"எடுத்துடறேன்" என்றேன். உதட்டில் வரைந்து.

"பாதி தெரியல. வாயில தாடி வச்சுகினு பேசறான். எடு." பிறகு கொஞ்ச நேரம் அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள். "அந்த ஆளை அப்படி அழவிட்டியே. பாவமா இல்ல உனக்கு?"

"நடிப்புக்கா."

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? அவன் நடிச்சான். நீ நடிக்கல." முகம் திரும்பியது. கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்குத் தெரியும், சோறு ஆறிப்போகும்போது வருவது. "வர்றேன், வர்றேன்னு ரெண்டு வாட்டி சொன்னே. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்புறம் எங்க? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நெத்திலி வாங்கி ஆஞ்சு வச்சுகினு வாசலைப் பாத்துகினு உக்காந்துருக்கேன். மீன்காரி கேக்கறா, யாருக்கும்மா இவ்ளோன்னு. தம்பி வர்றான்னு சொல்லிட்டேன். தெருப் பூனைங்கதான் கொழுத்துப் போச்சு."

நான் சொன்னேன்: "வரட்டுமான்னு உன்னைக் கேட்டேன்க்கா. கேட்டது படத்துல வரல. வெட்டிட்டாங்க."

அவள் என் வாயைக் கூர்ந்து பார்த்தாள். புரிந்தது. புரியாததுபோல் முகத்தைச் சுளித்தாள்.

"வெட்டினவன் நல்லவன்" என்றாள். "சொந்த வீட்டுக்கு வர்றதுக்கு எவன்டா கேட்டுகினு நிப்பான்?"

பிறகு சட்டியைத் தூக்கிக் கைபேசிக்கு நேராகக் காட்டினாள். வெள்ளியாக மின்னியது. படம் கலங்கியது, முட்டையா என் கண்ணா தெரியவில்லை.

டிசம்பர் 13

மீசையை எடுத்துவிட்டேன்.

பிறந்த ஊருக்குப் போக எனக்கும் விசா வேண்டும். வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர். முகக்கவசம் இல்லை. என் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது செல்லாது, இதில் சிரிக்கிறீர்கள். வாயை மூடி, முகத்தில் எதுவும் காட்டாமல் இன்னொன்று எடுத்து வாருங்கள்."

படிக்கட்டின் கீழேயே புகைப்படப் பெட்டி இருந்தது. உள்ளே உட்கார்ந்து திரையை இழுத்து மூடினேன். வாயை மூடினேன். பழக்கப்பட்ட வேலைதான், முப்பது படத்தில் செய்தது. நாலு முறை எடுத்தேன். நாலிலும் சிரிப்பு நிற்கவில்லை.